எண்ணோடு அதன் பொருளையும் அனுப்புங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளில் நிலத்தடி நீருக்குக் கணினி மாடல் அமைக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் அவர்களுடைய நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் திருமணிமுத்தாறும், அதே மலையிலிருந்து இறங்கி ஓமலூர், எடப்பாடி பக்கமாகக் காவிரியை அடையும் சரபங்காவும் உங்கள் ஆய்வுகளுக்கு வற்றாத களங்கள். பெரும்பாலான ஆய்வுகள் ஒரே பாதையில்தான் நடக்கின்றன. இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவு ஸ்வாட் மென்பொருளுக்குள் போகிறது. நிலத்துக்குள் எவ்வளவு நீர் இறங்கியது என்று ஸ்வாட் சொல்லும் கணக்கு மாட்ஃப்ளோவுக்குப் போகிறது. மாட்ஃப்ளோ தரும் நீர்மட்டங்கள் க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடமாகவும், எக்செல்லிலோ பைத்தானிலோ அட்டவணையாகவும் மாறி ஆய்வேட்டில் ஏறுகின்றன. இந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றும் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் சோதிக்கப்பட்டவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை மாட்ஃப்ளோவை முதலில் வெளியிட்டது 1984இல். இந்த மென்பொருள்களின் உள்ளே இருக்கும் கணிதத்தில் நீங்கள் தவறு செய்ய இடம் குறைவு. ஒன்றிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து இன்னொன்றுக்குள் ஏற்றும் அந்த இடைவெளியில்தான் தவறு நுழைகிறது, நுழைந்தபின் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுகிறது. ஆய்வேட்டில் முறைகளைப் பற்றி ஐம்பது பக்கம் எழுதுகிறவர்கள் இந்த இடைவெளிக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள், அல்லது அதுவும் இல்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்று கேட்கவே இம்மடல். மாடலிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு எண்ணும் தன் அலகையும் இடத்தையும் காலத்தையும் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும். அப்படி எடுத்துச் சென்ற கோப்பு ஆய்வேட்டின் பகுதியாகப் பாதுகாக்கப்படவும் வேண்டும்.

இதைச் சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களான உங்களிடம் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே நிலத்தடியில் இருப்பது சார்னகைட், நைஸ் போன்ற கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை ஓர் அடுக்கு, அதற்குக் கீழே வெடிப்புகள். நீர் தங்கும் இடம் இவ்வளவுதான். ஒரு கிணற்றில் நீர் நிற்கும், அடுத்த தோட்டத்தில் ஆயிரம் அடி துளைத்தாலும் புகைதான் வரும். நாடெங்கும் போர்வெல் போடப் போகும் வண்டிகளின் ஊரான திருச்செங்கோடு இந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. நிலத்தடி நீரின் நிலையைத் தமிழ்நாட்டில் குறுவட்டம் வாரியாக மதிப்பிட்டு, மிகைநுகர்வு, அபாயம், பாதுகாப்பு முதலிய வகைகளாகப் பிரிக்கிறார்கள். மேட்டூர் அணையின் உபரி நீரை ஏற்றி மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் மேட்டூர் - சரபங்கா நீரேற்றுத் திட்டத்துக்கு 565 கோடி ரூபாய் ஒதுக்கி 2020இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஏரிகளில் நிற்கும் நீர் சுற்றுவட்டக் கிணறுகளை எவ்வளவு உயர்த்தும், எத்தனை கிலோமீட்டர் வரை உயர்த்தும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். உங்கள் எண்களை விவசாயியும் நீர்வளத் துறைப் பொறியாளரும் பயன்படுத்தும் நாள் வரலாம். அதனால் அவை எந்த வழியாக வந்தன என்பது உங்கள் வீட்டு விஷயம் அல்ல.

எந்தத் தவறைச் சொல்கிறேன் என்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஸ்வாட் 2012 பதிப்பில் மாத வாரியாக முடிவுகளை அச்சிடச் சொன்னால், அது படுகையைப் பிரித்த நில அலகு ஒவ்வொன்றுக்கும் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு வரிசைகளைத் தருகிறது. அதோடு நிற்காமல் ஆண்டு முடிவில் இன்னொரு வரிசையையும் எழுதுகிறது. அது அந்த ஆண்டின் மொத்தம். அந்த வரிசையில் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 2004, 2005 என்று ஆண்டின் எண் நிற்கும். கடைசியில் முழுக் காலத்துக்குமான சராசரி வரிசையும் உண்டு. மென்பொருளின் கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து, நிலத்தில் இறங்கிய நீரின் பத்தியைத் தேர்ந்து ஒரு கூட்டல் போட்டால் என்ன ஆகும்? பன்னிரண்டு மாதங்களும் அவற்றின் மொத்தமும் சேர்ந்து கூடிவிடும். விடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. புதிய ஸ்வாட் பிளஸ் மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் தனித்தனிக் கோப்புகளில் எழுதுகிறது, ஆனால் பழைய பதிப்பில் ஓடிய மாடல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அடுத்து அலகு. ஸ்வாட் மில்லிமீட்டரில் சொல்கிறது. மாட்ஃப்ளோவில் நீங்கள் எந்த அலகை எடுத்துக்கொண்டீர்களோ அதுதான் அலகு. கோப்பின் தொடக்கத்தில் மீட்டரா அடியா, நாளா நொடியா என்று குறிக்க ஓர் எண் உண்டு, ‘குறிப்பிடவில்லை’ என்பதற்கும் அங்கே ஓர் எண் உண்டு. எதைக் குறித்தாலும் மாட்ஃப்ளோ உங்களுக்காக அலகை மாற்றித் தராது. எல்லா எண்களும் ஒரே அலகுத் தொகுதியில் இருக்கின்றன என்று நம்பிக் கணக்குப் போட்டுவிடும்.

ஆயிரம் மடங்கு தவறு நேர்ந்தால் கவலை இல்லை. மில்லிமீட்டரை மீட்டர் என்று கொடுத்தால் சமவெளி முழுக்க நீர் தரைக்கு மேல் நிற்பதாக மாடல் காட்டும், அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டு மடங்குத் தவறுதான் உண்மையில் கொல்லும். ஏனென்றால் அதை மறைத்துவிடும் ஒரு வேலையை நீங்களே அடுத்ததாகச் செய்கிறீர்கள். அதன் பெயர் கேலிபிரேஷன். மாடல் சொல்லும் நீர்மட்டமும் கிணற்றில் அளந்த நீர்மட்டமும் ஒத்துப்போகும் வரை பாறையின் நீர் கடத்துதிறனை ஏற்றி இறக்குவீர்கள். காலத்தோடு மாறாத நிலையில் ஓடும் மாடலில் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது செறிவூட்டலும், அதாவது நிலத்துக்குள் இறங்கும் நீரும், கடத்துதிறனும் தனித்தனியாக அல்ல. அவற்றின் விகிதம்தான் தீர்மானிக்கிறது. செறிவூட்டல் இரு மடங்காகித் தவறாக வந்திருந்தால், கடத்துதிறனையும் இரு மடங்காக்கிவிட்டால் போதும், நீர்மட்டங்கள் அச்சு அசலாகப் பழையபடியே வரும். அளந்த புள்ளிகளும் கணித்த புள்ளிகளும் நாற்பத்தைந்து பாகைக் கோட்டில் அழகாக உட்காரும். தேர்வாளர் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையசைப்பார். அதற்குப்பின் அதே மாடலிடம், இந்தக் குறுவட்டத்தில் இன்னும் 200 போர்வெல் வந்தால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாறை இரு மடங்கு தாராளமாக நீர் விடுகிறது என்று நம்பும் மாடல், இறங்கப் போவதில் பாதியைத்தான் சொல்லும். நன்கு பொருந்திய மாடல் என்ற சான்றிதழோடு தவறான அறிவுரை வெளியே போகும்.

நுணுக்கமான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். இந்தப் பகுதிப் பாறையில் மழையில் பத்து விழுக்காடு ஒட்டித்தான் கீழே இறங்கும் என்பது தெரிந்த விஷயம், இருபது விழுக்காடு வந்தால் சந்தேகம் வராதா? வர வேண்டும். ஆனால் ஏரிகளின் கசிவு, வயலுக்குப் பாய்ச்சிய நீரில் திரும்பி இறங்கும் பங்கு, வாய்க்கால் கசிவு என்று விளக்கம் சொல்ல இங்கே வழிகள் நிறைய இருக்கின்றன. மோட்டார்கள் எடுக்கும் நீருக்கும் மீட்டர் கிடையாது, அதுவும் ஊகம்தான். ஒரு தவறான எண்ணுக்கு நியாயமான காரணம் கண்டுபிடிப்பது படித்தவர்களுக்கு எளிது. அதனால் சந்தேகத்தை மட்டும் நம்பாமல், தவறு நுழையும் வாசலிலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

இந்த மாதிரித் தவறு மாணவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 1998 டிசம்பரில் நாசா ஏவிய செவ்வாய்த் தட்பவெப்பச் சுற்றுகலன் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் மிகத் தாழ்வாகப் போய்த் தொலைந்தது. கலத்தின் சிறு உந்துவிசைகளைக் கணக்கிட்ட ஒரு மென்பொருள் தன் முடிவுகளைக் கோப்பாக எழுதியது, பாதையைக் கணித்த இன்னொரு மென்பொருள் அதை வாசித்தது. எழுதியது பவுண்டு அலகில், வாசித்தது நியூட்டன் அலகில். நாலரை மடங்குக்குச் சற்றே குறைவான வேறுபாடு. கணக்குகள் சரியாகப் பொருந்தவில்லை என்ற ஐயம் பாதையைக் கவனித்தவர்களுக்கு முன்பே எழுந்தும், அது முறையாகத் துருவப்படவில்லை. எந்த அலகில் கோப்பு இருக்க வேண்டும் என்று எழுதிய ஆவணமும் இருந்தது. ஆனால் கோப்புக்குள் அலகு இல்லை. ஒன்பது மாதப் பயணத்தில் அந்த எண்கள் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பாதையை விலக்கின. உங்கள் மாடலில் கேலிபிரேஷன் தவறை மறைப்பதுபோல அங்கே தொலைவு மறைத்தது.

இடத்துக்கு வருவோம். இந்தச் சமவெளிக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. உலகை ஆறு பாகை அகலமுள்ள பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் 43ஆம் பட்டைக்கும் 44ஆம் பட்டைக்கும் எல்லை கிழக்கு 78 பாகைத் தீர்க்கரேகை. அந்தக் கோடு உங்கள் ஆய்வுப் பகுதியின் நடுவே ஓடுகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியவை கோட்டுக்கு மேற்கே 43இல் விழுகின்றன. ஓமலூர், சேலம், ராசிபுரம், நாமக்கல் ஆகியவை கிழக்கே 44இல். சரபங்கா ஆறே ஒரு பட்டையில் தோன்றி மறு பட்டையில் முடிகிறது. எடப்பாடிக் கிணறு ஒன்றின் கிழக்குத் தொலைவு 43ஆம் பட்டையில் 8 லட்சம் மீட்டரைத் தாண்டும். பக்கத்திலுள்ள ஓமலூர்க் கிணற்றின் தொலைவு 44ஆம் பட்டையில் 2 லட்சத்தை எட்டாது. இரண்டையும் பட்டை எண் இல்லாத ஒரே பத்தியில் எக்ஸ்போர்ட் செய்து 44 என்று சொல்லித் திறந்தால், எடப்பாடி வங்காள விரிகுடாவில் போய் விழும். இதைக் கவனிக்காமல் விடமாட்டோம் என்பீர்கள். ஆனால் நடைமுறையில் அடுத்த கட்டளை, மாடல் எல்லைக்கு வெளியே உள்ள புள்ளிகளை வெட்டிவிடு என்பது. வெட்டியபின் கடலில் விழுந்த கிணறுகள் இருந்த தடமே இருக்காது. படுகையின் மேற்குப் பாதியைத் தொடாமல் கிழக்குப் பாதியை மட்டும் வைத்து மாடல் பொருந்துகிறதா என்று பார்த்திருப்பீர்கள். பழைய நில அளவைத் துறை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் மாற்றாமல் கலந்தால் இந்தப் பகுதியில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். நூறு மீட்டர் கட்டங்கள் கொண்ட மாடலில் கிணறு பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள். கடினப் பாறையில் பக்கத்துக் கட்டம் என்பது வேறு உலகம்.

உயரத்தில் இன்னும் ஆபத்தான பள்ளங்கள் இருக்கின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணற்று நீரின் ஆழத்தைத் தரையிலிருந்து சொல்கிறது. மாட்ஃப்ளோவின் நீர்மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து வைத்துக்கொள்வது வழக்கம். ஒன்றை மற்றொன்றாக்க அந்த இடத்தின் தரை உயரம் வேண்டும். ஜிபிஎஸ் கருவி தரும் நீள்கோள உயரத்தையே கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம் என்று நினைத்துப் போட்டால், தென்னிந்தியாவில் வேறுபாடு 80 மீட்டருக்கும் மேல். உலகிலேயே புவியீர்ப்பு மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால் நமக்கு நேர்ந்தது இது. அதேபோல கணக்கில் சேராத கட்டங்களுக்கு மாட்ஃப்ளோ ஒரு போலி எண்ணை எழுதும். எந்த எண் என்பதை மாடல் அமைப்பவர் தேர்ந்தெடுக்கிறார், பலர் 999 என்று வைக்கிறார்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் ஒட்டி இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. அப்படியானால் 999 மீட்டர் என்பது சேர்வராயன் சரிவில் உண்மையாகவே இருக்கக்கூடிய நீர்மட்டம். தஞ்சாவூர் டெல்டாவில் அமைத்த மாடலில் தீங்கு செய்யாத அந்த எண் இங்கே உண்மையோடு கலந்துவிடும். வறண்டுபோன கட்டங்களுக்கு வரும் போலி எண் பெரும்பாலும் கோடி கோடியான எதிர்ம எண்ணாக இருப்பதால் அதை எவரும் நீக்கிவிடுவார்கள். நீக்கியபின் மிச்சமுள்ள கட்டங்களின் சராசரியை எடுப்பதில்தான் கேடு இருக்கிறது. கோடையில் மேட்டுப் பகுதியின் கிணறுகள் வற்றி, கணக்கிலிருந்து விழுகின்றன. எஞ்சி நிற்பவை ஓரளவு நீர் உள்ளவை. சராசரி ஆழம் குறைந்தது போலத் தெரியும். மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் மே மாதத்தில் நிலத்தடி நீர் தேறியதாக ஒரு வரைபடம் சொல்லும். எத்தனை கட்டங்கள் வறண்டன என்ற எண்ணிக்கையும் சராசரியோடு சேர்ந்து பயணித்திருந்தால் இந்த மயக்கம் வராது.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய வானிலைத் துறையின் கால் பாகை மழைக் கட்டங்கள் 1901 முதல் கிடைக்கின்றன. அதில் ஒரு தேதிக்கு எழுதிய மழை, முந்தைய நாள் காலை எட்டரை மணி முதல் அன்று காலை எட்டரை மணி வரை பெய்தது. செயற்கைக்கோள் மழைத் தரவு பலவற்றில் நாள் என்பது கிரீன்விச் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ஐப்பசியில் மாலையிலும் இரவிலும் கொட்டும் மழை ஒரு தரவில் இன்றைய தேதியிலும் மற்றதில் நாளைய தேதியிலும் நிற்கும். மாதக் கணக்குக்கு இது பெரிதல்ல, வெள்ளத்தையும் ஏரி நிரம்புவதையும் நாள் வாரியாகக் கணக்கிடுவோருக்குப் பெரிது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஸ்வாட்டில் முதல் சில ஆண்டுகளை முன்னோட்டமாக விட்டுவிடும் வழக்கம். 2001இல் தொடங்கி மூன்றாண்டு விட்டால் கோப்பின் முதல் வரிசை 2004. மாட்ஃப்ளோவுக்கு நாள்காட்டி தெரியாது, தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் கடந்தது என்பது மட்டுமே தெரியும். தொடக்கத் தேதியை யாரும் எழுதி வைக்காவிட்டால் 2004இன் மழை 2001இன் கிணறுகளுக்குள் இறங்கும்.

இனி உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுப்புகள். மிகக் கனமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடினப் பாறையில் எந்த மாடலும் முப்பது நாற்பது விழுக்காடு முன்பின்னாகத்தான் இருக்கும், அதில் எக்ஸ்போர்ட் தவறைத் துருவுவதால் என்ன பயன் என்பது அது. அறியாமை அளவில் பெரிது என்பது உண்மை. ஆனால் அந்த அறியாமையை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள், இத்தனை முதல் இத்தனை வரை என்று வீச்சாக எழுதுகிறீர்கள். படிப்பவர் அதற்கேற்ப எச்சரிக்கையாக இருக்கிறார். எக்ஸ்போர்ட்டில் நுழைந்த தவறு அந்த வீச்சுக்குள் அடங்காது, அது வீச்சையே இடம் மாற்றிவிடும். அதோடு அது எப்போதும் ஒரே பக்கம் சாயும், பல மாடல்களின் சராசரி எடுத்தாலும் கரையாது. அறிவியல் செய்ய முடியாத அளவுக்கு இயற்கை கடினமாக இருந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல. கோப்பை மாற்றும்போது நேர்ந்ததற்கு முழுப் பொறுப்பு நம்முடையது.

எக்செல் எல்லோருக்கும் தெரியும், புதிதாக ஒன்றைக் கற்க நேரம் இல்லை என்பது அடுத்தது. எக்செல்லைப் பழிக்க நான் வரவில்லை, பார்வையிட அது நல்ல கருவி. ஆனால் அதற்கு எல்லை உண்டு. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளைத் தன் அன்றாடக் கணக்கில் தவறவிட்டது. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்துக்கு மாற்றியதும், அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் ஏற்காததும் காரணம். இன்றைய எக்செல்லின் எல்லை 10,48,576 வரிசை. 300 நில அலகுகள் கொண்ட ஸ்வாட் மாடல் இருபது ஆண்டுக்கு நாள் வாரியாக எழுதினால் ஏறக்குறைய 22 லட்சம் வரிசை வரும். எக்செல் பாதியைத்தான் திறக்கும். ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும், அவசரத்தில் அதைத் தட்டிவிட்டுப் போவோம். மரபணு ஆய்வாளர்கள் இதைவிட மோசமாகப் பட்டார்கள். சில மரபணுப் பெயர்களை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிட்டதால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. நேரத்தைப் பற்றிச் சொன்னால், கையால் பத்தி பத்தியாக நகலெடுத்து ஒட்டுவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மாடலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டல் வேலை முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு முறை எழுதிய சிறு பைத்தான் நிரல் ஒவ்வொரு முறையும் அதே வேலையை அதே விதமாகச் செய்யும். எங்கே என்ன மாற்றப்பட்டது என்பதற்கு அந்த நிரலே சாட்சி. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பைத்தான் பாடங்களைத் தமிழிலேயே இலவசமாகத் தருகிறது.

இரண்டு மாடல்களையும் இணைத்து ஓட்டும் மென்பொருளே வந்துவிட்டதே, இடையில் மனிதக் கை எதற்கு என்றும் கேட்கலாம். ஸ்வாட்டையும் மாட்ஃப்ளோவையும் இணைக்கும் நிரல் 2016 முதல் இருக்கிறது, முடிந்தவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த நிரலுக்குள்ளும் மழையும் கிணற்று அளவும் வெளியிலிருந்து வருகின்றன, முடிவு வெளியே போகிறது. வாசல்கள் குறைகின்றன, மறைவதில்லை.

செய்ய வேண்டியது கடினமல்ல. இந்த மடலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நேரம் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மென்பொருளிலிருந்து வெளியேறிய மொத்த நீரும் அடுத்ததில் நுழைந்த மொத்த நீரும் சமமா என்று பாருங்கள். ஸ்வாட் சொல்லும் செறிவூட்டல் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர், படுகை 1,000 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 10 கோடி கன மீட்டர், அதாவது மூன்றரை டிஎம்சி. மாட்ஃப்ளோ ஓடி முடித்ததும் எழுதும் அறிக்கைக் கோப்பில் செறிவூட்டலால் உள்ளே வந்த நீர் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அங்கேயும் அதே 10 கோடி இருக்க வேண்டும். இருபது கோடி இருந்தால் மேலே சொன்ன ஆண்டு மொத்த வரிசை உள்ளே புகுந்துவிட்டது. கேலிபிரேஷனுக்கு முன்னால் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது, கேலிபிரேஷனுக்குப் பின்னால் எந்தப் புள்ளிவிவரச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்காது. விடையை டிஎம்சியில் ஒரு முறை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்றரை என்றால் எவ்வளவு, ஏழு என்றால் எவ்வளவு என்பது கன மீட்டரில் வராத உணர்வாக டிஎம்சியில் வந்துவிடும்.

கோப்பின் வடிவத்தைப் பொறுத்தவரை, காலநிலை அறிவியலாளர்கள் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். நெட்சிடிஎஃப் என்ற வடிவம் எண்களோடு அலகையும், அச்சுகளையும், எந்த நாளிலிருந்து காலம் எண்ணப்படுகிறது என்பதையும், எந்த எண் ‘தரவு இல்லை’ என்று பொருள்படும் என்பதையும் ஒரே கோப்புக்குள் வைத்துக்கொள்ளும். வானிலைத் துறையின் மழைத் தரவே அந்த வடிவத்திலும் கிடைக்கிறது. மாட்ஃப்ளோவின் முடிவுகளைப் பைத்தானில் வாசிக்க ஃப்ளோபை என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, அதிலிருந்து நெட்சிடிஎஃப்பாக எழுதலாம். இவை எதுவும் முடியாதவர்கள் சிஎஸ்வி கோப்போடு ஒரு பக்க உரைக் கோப்பை வையுங்கள். அலகு, இபிஎஸ்ஜி எண் 32643ஆ 32644ஆ, உயரம் எதிலிருந்து, தொடக்கத் தேதி, போலி எண், வறண்ட கட்டங்களின் எண்ணிக்கை, மென்பொருளின் பதிப்பு. ஒரு பக்கம் போதும்.

நெறியாளர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைக்குப்பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. சேர்வது பிடிஎஃப். அதில் நீர்மட்டம் வண்ணப் படமாக இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த எண்கள் மாணவரின் மடிக்கணினியில் இருந்தன, மாணவர் வேலைக்குப் போனதும் அவையும் போயின. வணிக மென்பொருளின் கோப்பு மட்டும் எஞ்சியிருந்தால் உரிமம் முடிந்ததும் அதுவும் திறக்காது. அதனால் திருமணிமுத்தாற்றில் அடுத்து வரும் மாணவர் முந்தையவர் நின்ற இடத்திலிருந்து தொடங்க முடியாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். தரவைக் கொடுத்தால் வேறொருவர் அதை வைத்துக் கட்டுரை எழுதிவிடுவார் என்ற அச்சம் உங்களில் பலருக்கு உண்டு. அது பொய்யான அச்சமும் அல்ல. அதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ தடை வைத்துக்கொள்ளலாம், தரவுக்கே தனி மேற்கோள் அடையாளம் பெறலாம். ஆனால் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் எண்களை, யாராலும் சரிபார்க்க முடியாத நிலையில் என்றென்றும் வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை. சரிபார்க்க முடியாத நீர்மட்டத்தை வைத்து யாரும் போர்வெல்லுக்கு அனுமதி தரவும் கூடாது, மறுக்கவும் கூடாது.

வரும் கல்வியாண்டிலிருந்து உங்கள் துறையில் ஒரு விதி வையுங்கள். மாடல் சார்ந்த ஆய்வேடு எதுவானாலும், எக்ஸ்போர்ட் செய்த கோப்பும், அதை மாற்றிய நிரலும், இரு மென்பொருள்களின் நீர்க் கணக்கும் பொருந்துவதைக் காட்டும் ஓர் அட்டவணையும் இல்லாமல் நெறியாளர் கையெழுத்திட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆய்வேடுகளின் வாசகர்